மரக்காணத்து மெத்தனாலும் பின்னிப் பிணைந்த ஃபோட்டான்களும்

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுருண்டு விழுந்தார்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் தூக்கிச் செல்லப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. அதே நாள்களில் பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டிலும் சாவுகள் விழுந்தன. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் குடித்தது ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தடய அறிவியல் ஆய்வு பிறகு சொன்னது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இதே கொடுமை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே 60 பேருக்கு மேல் மாண்டார்கள். கள்ளக்குறிச்சியும் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதிதான்.

மரக்காணம் சாவுகள் நடந்த அதே 2023-இல், ஆகஸ்ட் 23 அன்று, சந்திரயான்-3 நிலவின் தென்முனைக்கு அருகே தரையிறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன். தரையில் இறங்கி ஓடிய பிரக்யான் ஊர்தியில் ஒரு லேசர் கருவி இருந்தது. நிலவு மண்ணில் லேசரைத் துடிப்பாகப் பாய்ச்சி ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அந்த இடத்தைப் பிளாஸ்மாவாக்கி, அதிலிருந்து எழும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகம் உருவாக்கியது. ஒரு வாரத்துக்குள் அது கந்தகம் இருப்பதை அறிவித்தது. அலுமினியம், கால்சியம், இரும்பு, டைட்டானியம் எல்லாவற்றையும் சேர்த்து அடையாளம் சொன்னது. ஏறத்தாழ 3.84 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் மண்ணில் என்ன இருக்கிறது என்று ஒளி சொல்லிவிட்டது. மரக்காணத்தில் ஒரு பாலித்தீன் பையில் என்ன இருந்தது என்பதை மரணங்கள்தான் முதலில் சொல்லின.

மெத்தனாலைக் கண்டறிய நமக்கு வழி தெரியாது என்பதல்ல சிக்கல். விழுப்புரத்திலேயே வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகம் இருக்கிறது. கேஸ் குரோமட்டோகிராஃபி முறையில் மெத்தனாலையும், வழக்கமான மதுவில் இருக்கும் எத்தனாலையும் பிரித்தறிவது அன்றாட ஆய்வக வேலை. ஆனால் மாதிரி எடுத்து, சீல் வைத்து, அனுப்பி, வரிசையில் காத்திருந்து, அறிக்கை வரும்போது காலம் கடந்துவிடுகிறது. பொருள் இருக்கும் இடத்துக்கே போய் அதை அடையாளம் காணும் வேலையை ஒளியிடம் ஒப்படைக்க முடியுமா? ஜோடியாகப் பிறந்து ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களைக் கொண்டு பொருள்களை அடையாளம் காணும் ஆராய்ச்சி உலகெங்கும் நடந்துவருகிறது. அதை விழுப்புரத்திலிருந்து பார்த்தால், இந்தக் கேள்விக்கு எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெளிவாகவே தெரிகிறது.

மெத்தனாலும் எத்தனாலும் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் நிறமில்லை, இரண்டும் எரியும், வாசனையிலும் பெரிய வேறுபாடு இல்லை. உடலுக்குள் போனால்தான் வேறு வேறு. கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றுகிறது. அறிகுறிகள் வெளிப்பட 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அதனால்தான் நள்ளிரவில் குடித்தவர் காலையில் நன்றாக எழுந்து வேலைக்குப் போய்விட்டு, மாலையில் கண் தெரியவில்லை என்று வருகிறார்.

மூலக்கூறுகளுக்கு வேறுபாடு தெரியும் இடம் அகச்சிவப்பு ஒளி. ஒரு மூலக்கூற்றில் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது, அந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து அதிர்வின் வேகம் அமைகிறது. அந்த அதிர்வுக்கு ஒத்த அலைநீளம் வந்தால் மூலக்கூறு அதை விழுங்கிவிடும். மெத்தனாலின் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு 9.7 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பை விழுங்குகிறது. எத்தனாலில் அந்தப் பட்டை சற்று விலகி 9.4, 9.5 மைக்ரோமீட்டர் பக்கம் விழுகிறது, 11.4 மைக்ரோமீட்டர் அருகே எத்தனாலுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கார்பன்-ஹைட்ரஜன் அதிர்விலும் வேறுபாடு இருக்கிறது. மெத்தனாலுக்கு 3.5 மைக்ரோமீட்டர் அருகே ஒரு பட்டை, எத்தனாலின் வலுவான பட்டை 3.4-க்கும் கீழே. வேதியியலாளர்கள் நீண்ட அலைநீளப் பகுதியை விரல்ரேகைப் பகுதி என்றே அழைக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கோலம் அங்கே பதிந்திருக்கிறது.

பிறகென்ன, அகச்சிவப்பில் பார்த்துவிடலாமே? பார்க்கலாம், ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகப் பார்க்கின்றன. அங்கே பயன்படும் சன்னல்கள்கூடச் சுவையான செய்தி. கண்ணாடி இந்த அலைநீளங்களைத் தடுத்துவிடும் என்பதால், அகச்சிவப்புக் கருவிகளில் நெடுங்காலமாகச் சாதாரண உப்பின் படிகத் தகட்டையே வைத்தார்கள். மரக்காணம் உப்பளங்களில் ஏக்கர் ஏக்கராகக் குவியும் அதே சோடியம் குளோரைடு, தூய படிகமாக வளர்ந்தால் 15 மைக்ரோமீட்டர் வரை ஒளியை ஊடுருவ விடும்.

சிக்கல் உணரியில் இருக்கிறது. கைபேசி கேமராவில் இருக்கும் சிலிக்கான் 1.1 மைக்ரோமீட்டர் தாண்டினால் குருடு. மெத்தனாலின் விரல்ரேகையை நுட்பமாகப் பார்க்க மெர்க்குரி காட்மியம் டெலுரைடு போன்ற அரிய கலவைகளால் ஆன உணரி வேண்டும். அதைப் பெரும்பாலும் திரவ நைட்ரஜனில், அதாவது சுழியத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸில் குளிர்விக்க வேண்டும். காரணம் எளிது. அறை வெப்பநிலையில் இருக்கும் எல்லாப் பொருளும், சுவரும் மேசையும் மனித உடலும், வெப்பக் கதிர்களை வீசுகின்றன. அந்த வீச்சு உச்சம் தொடும் இடம் 10 மைக்ரோமீட்டரை ஒட்டி. மெத்தனால் தன் பெயரைச் சொல்லும் அதே இடத்தில் உலகமே இரைச்சல் போடுகிறது. மே மாதத்து விழுப்புர வெயிலில் அந்த இரைச்சல் இன்னும் கூடுதல். விலையும் குளிர்விப்பும் சேர்ந்து இப்படிப்பட்ட நுட்பமான கருவியைப் பெரும்பாலும் நகரத்து ஆய்வகத்திலேயே கட்டிப்போட்டுவிடுகின்றன.

இதைச் சுற்றிப் போகும் முதல் வழியைக் கண்டவர்கள் நம்மவர்களே. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் ஏறத்தாழ 60 திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வந்தது. அந்த மாற்றத்தின் அளவு மூலக்கூறின் அதிர்வுக்குச் சமம். அகச்சிவப்பைத் தொடாமலே, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே மூலக்கூறின் அதிர்வைப் படித்துவிட்டார்கள். ராமன் நிறமாலைக் கருவி இன்று கைக்கடக்கமாகவே கிடைக்கிறது. 2017-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஒரு கருவியால், மூடிய புட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் மதுவில் மெத்தனால் கலந்திருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மனித உடல் தாங்கும் எல்லைக்கு வெகு கீழே இருக்கும் கலப்பையும் அது பிடித்தது.

அதனால் இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். சாராயப் பையில் மெத்தனால் இருக்கிறதா என்று பார்க்கக் குவாண்டம் இயற்பியலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ராமன் கண்டுபிடித்த விளைவு போதும். அது இன்னும் மரக்காணம் காவல் நிலையம் வரை வராதது இயற்பியலின் குறை அல்ல.

ஆனால் ராமன் சிதறலுக்கும் எல்லை உண்டு. விழும் ஒளியில் கோடிக்கு ஓரிரு ஃபோட்டான்கள்தான் நிறம் மாறுகின்றன. திரவத்தில் மூலக்கூறுகள் நெருங்கி இருப்பதால் சமாளிக்கலாம், வாயுவில் சிக்கல். பல பொருள்கள் லேசர் பட்டதும் ஒளிர்ந்து அந்த மெல்லிய சமிக்ஞையை மூழ்கடித்துவிடும். நோயாளியின் மூச்சில் மெத்தனால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் அகச்சிவப்பு உறிஞ்சலே வலிமையான சாட்சி. பின்னிப் பிணைந்த ஃபோட்டான்கள் உள்ளே வருவது இங்கேதான்.

சில படிகங்களுக்கு ஒரு குணம் உண்டு. வலுவான லேசர் ஒளி உள்ளே நுழைந்தால், பல கோடி ஃபோட்டான்களில் ஒன்று தானாகவே இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு நூறு ரூபாய் நோட்டை மாற்றும்போது இரண்டு பேர் கைக்கும் போகும் தொகையைக் கூட்டினால் நூறுதான் வர வேண்டும் என்பதுபோல, பிறக்கும் இரண்டு ஃபோட்டான்களின் ஆற்றலைக் கூட்டினால் தாய் ஃபோட்டானின் ஆற்றல் வரும். ஒன்றை அளந்தால் மற்றது தெரிந்துவிடும். ஆனால் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பது கை மாறும்போதே முடிந்துபோகிறது. ஃபோட்டான்களில் அளக்கும்வரை எதுவும் முடிவாவதில்லை. இரண்டும் சேர்ந்தே ஒரு நிலையில் இருக்கின்றன. அதுவே குவாண்டம் பின்னல். இது வெறும் தத்துவம் அல்ல என்று சோதனையால் நிறுவியதற்குத்தான் 2022-இல் ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிளவு சரிபாதியாக இருக்க வேண்டியதில்லை என்பதே நமக்கு முக்கியம். 532 நானோமீட்டர் பச்சை லேசரை லித்தியம் நயோபேட் படிகத்தில் செலுத்தி, ஒரு ஃபோட்டான் 4.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பாகவும் அதன் இணை 607 நானோமீட்டர் செம்மஞ்சள் ஒளியாகவும் பிறக்கும்படி அமைக்கலாம். முதலாவது மூலக்கூறுகளின் மொழி பேசும்; இரண்டாவதைச் சாதாரண சிலிக்கான் கேமரா பார்க்கும். அகச்சிவப்பு ஃபோட்டானுக்கு நேர்ந்ததை அதன் இணையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால், குளிர்விக்கும் உணரியே தேவையில்லை.

எப்படிக் கேட்பது? விடை 1991-இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் மாண்டலும் அவருடைய மாணவர்கள் ஸோ, வாங் இருவரும் செய்த சோதனையில் இருக்கிறது. ஒரே லேசரை இரண்டாகப் பிரித்து இரண்டு படிகங்களில் செலுத்தினார்கள். இரண்டிலிருந்தும் ஜோடிகள் பிறக்கும். முதல் படிகத்தில் பிறந்த ஒரு ஃபோட்டானை இரண்டாவது படிகத்தின் வழியாகவே செலுத்தி, அங்கே பிறக்கும் அதே வகை ஃபோட்டானின் பாதையோடு முழுக்க ஒன்றச் செய்தார்கள். இப்போது வெளியே வரும் அந்த ஃபோட்டான் எந்தப் படிகத்தில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததாலேயே, அவற்றின் இணைகளான மற்ற இரண்டு கற்றைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு ஒளி-இருள் பட்டைகளைக் காட்டின. பிறகு இரண்டு படிகங்களுக்கும் நடுவே முதல் ஃபோட்டானின் பாதையில் ஒரு தடுப்பை வைத்தார்கள். இணைக் கற்றைகளை யாரும் தொடவில்லை. ஆனாலும் பட்டைகள் மறைந்தன. தடுப்பு இருப்பதால், எந்தப் படிகம் என்று சொல்லும் தகவல் கொள்கையளவில் கிடைத்துவிட்டது. அந்தத் தகவலை எவரும் படிக்காவிட்டாலும் சரி, குறுக்கீடு போய்விடும்.

இந்தச் சோதனையை நான் குவாண்டம் இயற்பியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக மதிக்கிறேன். முழுத் தடுப்புக்குப் பதிலாக, பாதி ஒளியை விழுங்கும் ஒரு பொருளை அங்கே வைத்தால் பட்டைகள் முழுக்க மறையாமல் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பது பொருள் எவ்வளவு விழுங்கியது என்பதற்கு அளவு. பட்டைகள் எவ்வளவு நகர்ந்தன என்பது ஒளிவிலகல் எண்ணுக்கு அளவு. ஒரே பார்வையில் இரண்டும் கிடைக்கின்றன.

2014-இல் வியன்னாவில் சைலிங்கரின் குழு இந்த முறையில் படமே எடுத்துக் காட்டியது. பொருளின் மீது பட்டது 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு. கேமராவில் பதிந்தது, பொருளின் பக்கமே போகாத 810 நானோமீட்டர் ஒளி. 2016-இல் சிங்கப்பூரில் டிமிட்ரி கலாஷ்னிகோவ், லியோனிட் கிரிவிட்ஸ்கி குழுவினர் அதை நிறமாலையியலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு லித்தியம் நயோபேட் படிகங்களுக்கு நடுவே கார்பன் டை ஆக்சைடு வாயுவை அடைத்து, வாயு 4.3 மைக்ரோமீட்டரில் விழுங்குவதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அளந்தார்கள். ஜெர்மனியில் ஃபிரைபர்க், பெர்லின் குழுக்கள் இதை வேகப்படுத்தி, மீத்தேன் அளவீட்டுக்கும் நுண்ணோக்கிக்கும் கொண்டுபோயின. லித்தியம் நயோபேட் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டரோடு நின்றுவிடும். அதைத் தாண்டி விரல்ரேகைப் பகுதிக்குப் போக, ஜப்பானின் கியோட்டோ குழுவும் சிங்கப்பூர்க் குழுவும் 2022-இல் சில்வர் காலியம் சல்ஃபைடு படிகத்தைப் பயன்படுத்தினார்கள். மெத்தனாலின் 9.7 மைக்ரோமீட்டர் இந்தப் படிகத்தின் எல்லைக்குள் வருகிறது. லித்தியம் நயோபேட்டையே வைத்துக்கொண்டாலும், மெத்தனாலின் 3.5 மைக்ரோமீட்டர் பட்டைக்கு இணையாகப் பிறப்பது 627 நானோமீட்டர் சிவப்பு ஒளி. மலிவான கேமராவுக்கு அது நடுப்பகல் வெளிச்சம்.

இது உண்மையிலேயே குவாண்டம்தானா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2015-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெஃப்ரி ஷபிரோவின் குழு, பின்னல் இல்லாத சாதாரண ஒளியைக் கொண்டும் இதேபோன்ற படம் எடுக்கலாம் என்று காட்டியது. இந்த விவாதத்தின் அளவுகோல் நமக்கு அந்நியமானதல்ல. எந்த ஒளியைப் பழைய இயற்பியல் விளக்க முடியும், எதை முடியாது என்று வகுக்கும் கணிதத்தை 1963-இல் கொடுத்தவர்களில் ஒருவர் இ. சி. ஜி. சுதர்சன். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். அப்போது அவர் இருந்ததும் ராசெஸ்டரில்தான். என் கருத்தில் ஷபிரோவின் மறுப்பு சரியானதே, ஆனால் பயனைக் குறைப்பதில்லை. ஜோடி ஜோடியாகப் பிறக்கும் ஃபோட்டான்களில் சமிக்ஞை பொருளின் ஊடுருவலுக்கு நேர் விகிதமாக வருகிறது. மங்கலான ஒளியிலும் இரைச்சல் குறைவாக இருக்கிறது. கருவி செய்பவருக்கு வேண்டியது இது.

வேறு வழிகளிலும் இந்த ஜோடிகள் பொருள்களை அளக்கின்றன. முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. கரும்பு விவசாயிக்குச் சர்க்கரைக் கட்டுமானம் என்பது பணத்தை முடிவு செய்யும் எண். ஆலையின் ஆய்வகத்தில் சாற்றில் உள்ள சுக்ரோஸை, அது ஒளியின் அதிர்வுத் தளத்தை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்தே அளக்கிறார்கள். 2016-இல் ஒரு பன்னாட்டுக் குழு பின்னிப் பிணைந்த ஃபோட்டான்களைக் கொண்டு சர்க்கரைக் கரைசலின் அதே திருப்பத்தை அளந்து காட்டியது. ஆனால் ஆலைக்கு இன்று அந்த நுட்பம் தேவையில்லை. சாறு நிறைய இருக்கிறது, ஒளிக்கும் பஞ்சமில்லை. ஒளி கூடினால் கெட்டுப்போகும் மாதிரிகளுக்குத்தான் அது பொருந்தும். ஹாங், ஊ, மாண்டல் மூவரும் 1987-இல் கண்ட இன்னொரு விளைவில், இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் ஓர் ஒளிபிரிப்பானைச் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே ஒரு பக்கம் வெளியேறும். ஒன்று சற்றுத் தாமதமானாலும் அது தெரிந்துவிடும். ஒளி கடக்கும் தகட்டின் தடிமனை நானோமீட்டர் அளவில் இப்படி அளக்கிறார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தில் ஜி. கே. சமந்தாவின் குழு இதே விளைவை அதிர்வுகளை அளக்கும் உணரியாக வளர்த்திருக்கிறது.

இனி எல்லைகள். திண்டிவனம் நிலக்கடலை ஊர். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ஊர்ப் பெயர். கடலை ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலையில் அதன் பி1 வகைக்கு வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். பின்னிப் பிணைந்த ஃபோட்டான்களால் இதையும் பிடித்துவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். பிடிக்க முடியாது. நூறு கோடியில் இரண்டு பங்கு இருக்கும் ஒரு பொருளின் அகச்சிவப்பு உறிஞ்சல், கடலையின் எண்ணெயும் புரதமும் காட்டும் உறிஞ்சலுக்குள் புதைந்துபோகும். ஃபோட்டான் எவ்வளவு பின்னிப் பிணைந்திருந்தாலும் இல்லாத வேறுபாட்டைக் காட்டாது. அங்கே வேதிப் பிரித்தெடுப்பும் புற ஊதா ஒளிர்வும்தான் வழி.

கருவிக்கே உரிய குறைகளும் இருக்கின்றன. ஜோடிகள் குறைவாகவே பிறக்கின்றன. இரண்டு படிகங்களின் பாதைகள் ஒளி அலையின் சிறு பங்கு அளவுக்குத் துல்லியமாக ஒன்ற வேண்டும். மேசை அதிர்ந்தால் பட்டைகள் கலைந்துவிடும். ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியும் நல்ல உணரியும் இருக்கும்போது, இன்றைய நிலையில் அந்தப் பழைய கருவியே தெளிவான நிறமாலை தரும். பின்னிப் பிணைந்த ஒளியின் மெய்யான பலம், குளிர்விப்பு இல்லாமல், விலை உயர்ந்த உணரி இல்லாமல், மெல்லிய ஒளியில் வாயுக்களைப் படிப்பதில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சொல்லப்படும் எதையும் சந்தேகத்தோடு படிப்பதே நல்லது.

அந்தப் பலம் முண்டியம்பாக்கத்துக்குப் பொருந்துகிறது. விஷச்சாராயச் செய்தி பரவியதும் மருத்துவமனைக்கு வருபவர்களில் சிலர் மெத்தனால் குடித்தவர்கள், சிலர் நல்ல சாராயம் குடித்துப் பயந்து வந்தவர்கள், சிலருக்கு இன்னும் அறிகுறியே இல்லை. மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறுவதற்குள் ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்தையோ, அது இல்லையேல் எத்தனாலையோ கொடுத்துக் கல்லீரலின் வேலையைத் தடுக்க வேண்டும். யாருக்கு முதலில் என்று முடிவு செய்ய அந்த நேரத்தில் மருத்துவருக்குத் தேவை, ரத்தத்தில் மெத்தனால் இருக்கிறதா என்ற ஒரே விடை. சாலையில் போலீஸார் ஊதச் சொல்லும் மூச்சுக் கருவிகளில் பரவலாக உள்ள எரிபொருள் மின்கலன் வகை இரண்டு ஆல்கஹாலுக்கும் அசையும். அது பிரித்துச் சொல்லாது. அகச்சிவப்பு பிரித்துச் சொல்லும். ஃபின்லாந்து மருத்துவர்கள் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியால் மூச்சில் மெத்தனாலைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

மூச்சில் வரும் அளவு சிறிது. எத்தனால் என்றால் ரத்தத்தில் உள்ளதில் 2100-இல் ஒரு பங்கு என்று கணக்கு. மெத்தனாலும் அந்த வரிசையில்தான். ஆபத்தான நிலையில் இருப்பவரின் மூச்சில் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை ஒட்டி மெத்தனால் ஆவி இருக்கும். அதைப் பிடிக்க ஒளி வாயுவுக்குள் பல மீட்டர் பயணிக்க வேண்டும். கண்ணாடிகளுக்கிடையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதைச் செய்வது பழகிய உத்தி. பின்னிப் பிணைந்த ஜோடிகளை அப்படி ஓடவிட்டும் பாதைகளை ஒன்றச் செய்வது இன்னும் செய்து முடிக்க வேண்டிய வேலை. கடினம்தான், ஆனால் இயற்பியல் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், என் விரல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் பக்கம்தான் நீள்கிறது. பல கோடியில் ஒரு ஃபோட்டானைப் பிளக்கும் அதே படிகக் குணம், இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து ஒன்றாக்கவும் செய்யும். நேரிலா ஒளியியல் என்று நம் இயற்பியல் துறைகளில் சொல்வது இதைத்தான். 1961-இல் பீட்டர் ஃபிராங்கன் முதன்முதலில் அதைக் கண்டது குவார்ட்ஸ் படிகத்தில். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே திருவக்கரையில் மரங்களைக் கல்லாக்கிய அதே சிலிக்கா, ஒழுங்கான ஒற்றைப் படிகமாக. 1982-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்பு மையம் தொடங்கியது முதல், அதன் பேராசிரியர் ப. ராமசாமியின் வழியில், தமிழ்நாட்டில் நேரிலா ஒளியியல் படிகம் வளர்க்காத இயற்பியல் துறையைத் தேட வேண்டியிருக்கும். அவரும் சங்கரநாராயணனும் 2005-இல் அறிமுகப்படுத்திய, கரைசலிலிருந்து ஒரே திசையில் படிகம் வளர்க்கும் முறை அவர்கள் பெயராலேயே உலகில் அறியப்படுகிறது. பீக்கரில் கரைசல், மேலே துளையிட்ட தாள், கீழே பொறுமையாக வளரும் தெளிந்த படிகம்: இந்தக் காட்சி நம் மாநிலத்து ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1970-இல் பர்ன்ஹாம், வைன்பர்க் இருவரும் முதன்முதலில் ஃபோட்டான்கள் ஜோடியாகவே பிறக்கின்றன என்று உறுதி செய்தது அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட் படிகத்தில். 1987 சோதனை பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட்டில். 1991-இல் மாண்டல் பயன்படுத்தியது லித்தியம் அயோடேட். மூன்றும் தண்ணீர்க் கரைசலில் வளர்பவை. அவற்றில் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்ஃபேட், நம் கல்லூரிகளில் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் படிகமே. ஆனால் நம் ஆய்வேடுகள் பெரும்பாலும், படிகத்தைப் பொடித்து, லேசர் பாய்ச்சி, பச்சை ஒளி வருவதைப் பார்த்து, அது பாஸ்ஃபேட் படிகத்தைவிட எத்தனை மடங்கு என்ற ஒரு எண்ணோடு முடிந்துவிடுகின்றன. படிகத்தை வெட்டி, தேய்த்து, சரியான கோணத்தில் நிறுத்தி, அதிலிருந்து ஒரு ஜோடி ஃபோட்டானை எண்ணிப் பார்க்கும் அடுத்த படி அரிதாகவே எடுக்கப்படுகிறது. கையில் இருக்கும் திறமைக்கும் நாம் கேட்கும் கேள்விக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தண்ணீரில் வளரும் இந்தப் பாஸ்ஃபேட் படிகங்கள் மெத்தனாலின் பகுதிவரை ஒளியை விடாது என்பது உண்மை. அதற்கு உருக்கி வளர்க்கும் லித்தியம் நயோபேட்டோ சல்ஃபைடு படிகங்களோ வேண்டும். ஆனால் ஜோடியைப் பிறப்பிக்கவும், பாதைகளை ஒன்றச் செய்யவும், பட்டைகள் மங்குவதை அளக்கவும் கற்றுக்கொள்ள அவை தாராளமாகப் போதும்.

2023 ஏப்ரல் 19-இல் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில், 2030-31 வரை நீளும் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நான்கு மையங்களில், குவாண்டம் உணரிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., தகவல்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி. என்று பொறுப்பு பிரிக்கப்பட்டது. ஃபோட்டான் ஜோடிகளைக் கையாளும் திறமை தகவல்தொடர்பு ஆய்வகத்திலேயே அதிகம். ஆகவே தமிழ்நாட்டில் அந்தத் திறமைக்கும், கல்லூரிகளின் படிகத் திறமைக்கும், மருத்துவமனையின் தேவைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக முண்டியம்பாக்கம் ஒரே நெடுஞ்சாலை.

இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது மாநில அரசுக்கு: கையடக்க ராமன் கருவிகளை வடமாவட்டங்களின் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கும் உடனே கொடுங்கள், அதற்கு எந்த ஆராய்ச்சியும் மிச்சமில்லை. இரண்டாவது, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் தொடங்கி, படிகம் வளர்க்கும் எல்லா இயற்பியல் துறை ஆசிரியர்களுக்கும்: உங்கள் அடுத்த மாணவரின் ஆய்வேட்டில், அவர் வளர்த்த படிகம் ஃபோட்டான் ஜோடிகளைத் தருகிறதா என்ற ஒரு அத்தியாயத்தைச் சேருங்கள். ஒரு நீல லேசர், இரண்டு ஒற்றை ஃபோட்டான் உணரிகள், ஒரு எண்ணி இருந்தால் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.